பைக் பாகங்களுக்கு பவுடர் கோட்டிங்: பல வருஷம் நிற்க என்னென்ன செய்ய வேண்டும்?

பைக்கின் ஃப்ரேமையோ அலாய் வீலையோ பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கப் போகிறவர் எல்லோரும் கேட்பது, "எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரே பவுடர், ஒரே ஓவன், ஒரே ஆள் கையில் வந்த இரண்டு ஃப்ரேம்களில் ஒன்று பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். மற்றொன்று இரண்டாவது மழைக்காலத்திலேயே கொப்புளம் போடும்.

காரணம், பவுடர் படலம் மேலிருந்து தேய்ந்து கெடுவது குறைவு; அடியிலிருந்து கெடுவதே அதிகம். கெட்டுப்போன ஒரு ஸ்விங்ஆர்மைக் கையில் எடுத்துப் பாருங்கள். செயின் அட்ஜஸ்டர் பக்கத்தில், வாஷர் அழுத்திய வட்டத்தைச் சுற்றிப் படலம் லேசாக உப்பியிருக்கும். நிறம், பளபளப்பு எல்லாம் புதிது போலவே இருக்கும். நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே தகடாகக் கழன்று வரும். கழன்ற துண்டின் உட்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு; கீழே இரும்பு குழி குழியாக அரித்திருக்கும். படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பிடித்திருந்த இடம்தான் போய்விட்டது. வாஷரின் அடியில் விழுந்த ஒரு மெல்லிய விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. படலம் தடிமனாக, இறுக்கமாக இருந்ததால் போன ஈரம் வெளியே வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே: இங்கே தண்ணீர் நுழைய வழி இருக்கிறதா?

அடிப்படை, சுருக்கமாக

பவுடர் என்பது ரெசின் (பிசின்), ஹார்டனர் (கெட்டியாக்கும் பொருள்), நிறமி எல்லாம் கலந்து அரைத்த மாவு. ஸ்ப்ரே கன்னிலிருந்து வெளியேறும்போது பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் அதற்கு மின்னேற்றம் கிடைக்கிறது. எர்த் செய்யப்பட்ட உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் உருகிப் பரவி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. அப்படிக் கெட்டியான பின் திரும்பச் சூடாக்கினாலும் உருகாது. ஒரு கோட்டில் சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் கிடைக்கும். கரைப்பான் கிடையாது, சொட்டு வடியாது. கல் தெறித்தாலும் பெட்ரோல் சிந்தினாலும் ஸ்ப்ரே பெயிண்டைவிட நன்றாகத் தாங்கும்.

பலவீனங்களும் உண்டு. கூர்மையான ஓரங்களில் உருகும்போது பவுடர் பின்வாங்கி, அங்கே படலம் மெலிந்துவிடும். உள்மூலைகளில் பவுடர் சரியாகப் போய்ச் சேராது. ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் பவுடரால் சரிசெய்யவும் முடியாது.

படி 1: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

ஃப்ரேம், சப்ஃப்ரேம், ஸ்விங்ஆர்ம், சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, கிராஷ் கார்டு, கேரியர், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், டிரிபிள் கிளாம்ப், என்ஜின் கவர்கள், அலாய் வீல் எல்லாம் பவுடருக்கு ஏற்றவை.

ஃபோர்க் பைப், பிரேக் டிஸ்க், ஆக்ஸில் ஆகியவற்றின் பக்கமே பவுடர் போகக் கூடாது. ரப்பர் புஷ் ஏறியுள்ள எந்தப் பாகமும் புஷ்ஷைக் கழற்றாமல் ஓவனுக்குப் போகக் கூடாது. குரோம் பூசிய பாகத்தின் மேல் நேரடியாக பவுடர் அடித்தால் பிடிப்பு இருக்காது. குரோமை முழுக்க எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். சைலன்சர் பைப்பில் என்ஜினை ஒட்டிய பகுதி 400 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சாதாரண பாலியெஸ்டர் பவுடர் அங்கே கருகிவிடும். சிலிக்கோன் ரெசினில் செய்த தனி பவுடர் உண்டு, ஆனால் அந்த இடத்துக்கு செராமிக் கோட்டிங்கே நல்லது என்பது என் கருத்து.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில் நிதானம் வேண்டும். பழைய டேங்குகளில் ஈயம் கலந்த சால்டரால் ஒட்டுப்போட்டிருப்பார்கள். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், ஓவனோ அதற்கு மேல். பட்டி பார்த்த டேங்கில் பட்டி வெந்து உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தாலும் ஓவனில் அது வெடிக்கக்கூடும். டேங்குக்கு நல்ல டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) போதும்.

சில பைக்குகளில் ஃப்ரேம் குழாயே ஆயில் டேங்க். யமஹா எக்ஸ்டி500 அப்படி. 1971 முதல் 1980-கள் வரை வந்த டிரையம்ஃப் பான்வில்லும் அப்படி. பிளாஸ்டிங் செய்யும்போது, அதாவது கிரிட் என்ற கரடான துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும்போது, ஒரு கைப்பிடி கிரிட் உள்ளே போய் ஒளிந்துகொண்டால் அது ஆயிலோடு சேர்ந்து என்ஜின் பேரிங்கைத் தின்றுவிடும். இத்தகைய ஃப்ரேமில் ஒவ்வொரு துவாரத்தையும் மரையிட்ட பிளக்கால் அடைத்த பிறகே வெளியே அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பலமுறை கழுவுங்கள்.

ஏர்-கூல்டு (காற்றால் குளிரும்) என்ஜினின் ஃபின்களுக்கு, அதாவது குளிர்விக்கும் தகடுகளுக்கு, பவுடர் அடித்தால் சூடு வெளியேறாது என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தப் பயம் நிற்காது. ஃபின்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் காற்று அடுக்குதான் வெப்பத்துக்குப் பெரிய தடை. அதன் முன்னால் 70 மைக்ரான் படலம் சேர்க்கும் தடை சில சதவீதத்தைத் தாண்டாது. ஃபின்களின் இடைவெளி அடைபடாமல் மெல்லியதாக அடிக்கச் சொன்னால் போதும். ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டிய பகுதியில் வெளிர்நிறப் பவுடர் நாளடைவில் மஞ்சளாகும். அங்கே கறுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அலாய் வீலுக்கு மட்டும் தனிக் கவனம்

வார்ப்பு அலாய் வீல்களில் பெரும்பங்கு ஏ356 வகை அலுமினியக் கலவை. டி6 என்ற பதப்படுத்தலில் கடைசிக் கட்டமாக 150 முதல் 170 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். அதைவிட அதிகச் சூட்டில் வைத்தால், வைக்கும் நேரத்துக்கு ஏற்ப அந்த வலு குறையத் தொடங்கும். 200 டிகிரியில் இருபது நிமிஷம், ஒரே ஒரு முறை என்றால் பெரிய சேதம் இல்லை. ஆனால் வாயுவை வெளியேற்ற ஒரு சூடு, பிரைமருக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டுக்கு ஒன்று, நிறம் பிடிக்கவில்லை என்று திரும்ப ஒரு முறை என்று போனால் கணக்கு கூடிக்கொண்டே போகும். 160 டிகிரி அளவிலேயே வெந்து கெட்டியாகும் பவுடர்கள் கிடைக்கின்றன. வீலுக்கு அவற்றைக் கேளுங்கள். கோட்டுகளின் எண்ணிக்கையையும் இரண்டோடு நிறுத்துங்கள்.

இதைவிட முக்கியமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பெயிண்டை எரித்து எடுப்பதற்கென்று சில பட்டறைகளில் தனி ஓவன் இருக்கும். அதன் சூடு 400 டிகிரியை ஒட்டிப் போகும். இரும்பு ஹேங்கருக்கும் கேட்டுக்கும் அது சரி. அலுமினிய வீல் அதற்குள் ஒரு முறை போனாலே அதன் வலு போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "வீலை எரிக்கும் ஓவனில் வைக்க மாட்டீர்கள்தானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் வீலைக் கொடுக்காதீர்கள். மெக்னீசிய வீல் என்றால், மெக்னீசியத்தில் பழகிய இடத்துக்கு மட்டுமே கொண்டுபோங்கள்.

படி 2: பவுடர் தேர்வு

நிறத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் ரெசினைக் கேளுங்கள்.

எபாக்ஸி துருவையும் ரசாயனத்தையும் மிக நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயில் பட்டால் சில மாதங்களிலேயே வெளிறி, தடவினால் மாவு ஒட்டும். எபாக்ஸியும் பாலியெஸ்டரும் கலந்த ஹைப்ரிட், வீட்டுக்குள் இருக்கும் பீரோவுக்கும் ஃபேனுக்கும் உரியது. பைக்கின் மேல்கோட்டுக்கு இரண்டும் ஆகாது. பாலியெஸ்டர் வேண்டும், முடிந்தால் சூப்பர் டியூரபிள் பாலியெஸ்டர். கட்டடங்களின் அலுமினிய ஜன்னல்களுக்கு ஏஏஎம்ஏ 2603, 2604, 2605 என்று மூன்று தரங்கள் உண்டு. ஃப்ளோரிடா வெயிலில் முறையே 1, 5, 10 வருஷம் வைத்துச் சோதிப்பவை. பவுடர் டப்பாவின் தகவல் தாளில் 2604 என்று இருந்தால் நிறம் விஷயத்தில் கவலை குறையும். கல் தெறிப்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஃப்ரேம், ஸ்டாண்டு, ஸ்விங்ஆர்ம் போன்ற இரும்புப் பாகங்களுக்கு அடியில் ஜிங்க் கலந்த எபாக்ஸி பிரைமர், மேலே பாலியெஸ்டர் என்று இரண்டு கோட் போடுவதற்கு இணையாக எதுவும் இல்லை. மேல்கோட் பெயர்ந்தாலும் ஜிங்க் முன்வந்து அரிபடும், இரும்பு தப்பும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். பிரைமரைப் பாதி பதத்தில் நிறுத்தி அதன் மேல் நிறத்தை அடித்து இரண்டையும் ஒன்றாக வேகவைக்க வேண்டும். பிரைமர் முழுக்க வெந்த பிறகு மேல்கோட் போட்டால் இரண்டுக்கும் நடுவே பிடிப்பு குறையும். நிறத்தின் மேல் கிளியர் அடிப்பதற்கும் இதே விதி.

மேட் ஃபினிஷ் அழகுதான், ஆனால் கிரீஸ் கறையும் விரல் தடமும் அதில் ஒட்டினால் லேசில் போகாது. செயின் பக்கம் இருக்கும் பாகங்களுக்கு கிளாஸ் அல்லது செமி-கிளாஸ் வசதி.

படி 3: கழற்றுவது, பழையதை நீக்குவது

கழற்றும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஒயரிங் போகும் பாதை, எர்த் போல்ட், சேசிஸ் எண் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்டீயரிங் பேரிங் கப், ஸ்விங்ஆர்ம் புஷ், வீல் பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் நீங்களே கழற்றிவிடுங்கள். "அப்படியே இருக்கட்டும், டேப் ஒட்டிக்கொள்கிறோம்" என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். 200 டிகிரியில் கிரீஸ் உருகி வடிந்து பக்கத்துப் பரப்பை நனைக்கும். நனைந்த இடத்தில் பவுடர் நிற்காது.

பிளாஸ்டிங்குக்கு முன்பே எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். பசையோடு பிளாஸ்ட் செய்தால் எண்ணெய் உலோகத்தின் நுண்குழிகளுக்குள் அடித்து ஏற்றப்படும். இரும்புக்கு கிரிட் அல்லது அலுமினியம் ஆக்ஸைடு சரி. அலுமினியத்துக்கு ஒருபோதும் ஸ்டீல் கிரிட் கூடாது. இரும்புத் துகள்கள் உள்ளே பதிந்து, ஈரம் பட்டதும் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். இரும்புக்குப் பயன்படுத்திய அதே கிரிட்டை அலுமினியத்துக்குத் திருப்பிப் பயன்படுத்துவதும் அதே தவறு. காஸ்டிக் தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் உலோகமே கரையும். உயர்வலு போல்ட், ஸ்பிரிங் போன்றவற்றை ஆசிட்டில் ஊறப்போட்டால் ஹைட்ரஜன் உள்ளேறி, பிறகு ஒருநாள் சொல்லாமல் முறியும்.

பிளாஸ்ட் முடிந்து உலோகம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கும் அந்த நேரம் விலைமதிப்பில்லாதது. வெல்டு ஓரங்களில், ஸ்டீயரிங் ஹெட்டைச் சுற்றி, ஸ்விங்ஆர்ம் பிவட் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று டை பெனிட்ரன்ட் போட்டுப் பாருங்கள். சிவப்புத் திரவத்தைப் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும். பவுடர் ஏறிய பிறகு இந்த வாய்ப்பு கிடைக்காது. தடித்த படலம் விரிசலை வருஷக்கணக்கில் மறைத்துவைக்கும். வெல்டு செய்ய வேண்டியது இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். வெல்டின் மேல் படியும் கண்ணாடி போன்ற சிலிக்கா துளிகளையும் கறுத்த ஆக்ஸைடையும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அவற்றின் மேல் பவுடர் ஒட்டினாலும் அவையே பிறகு உதிர்ந்துவிடும். கத்தி போல இருக்கும் பிராக்கெட் ஓரங்களை அரத்தால் லேசாக உருட்டிவிடுவது உங்களால் வீட்டிலேயே செய்ய முடிந்த வேலை. அரை மில்லிமீட்டர் உருட்டினாலே அங்கே படலம் நிற்கும்.

படி 4: முன்தயாரிப்பு

பிளாஸ்ட் செய்த இரும்பு எஸ்ஏ 2½ தரத்தில், அதாவது கிட்டத்தட்ட வெள்ளை உலோகமாக இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் அடுத்த கட்டம் நடந்துவிட வேண்டும். ஈரக்காற்று இருக்கும் நாளில் ஒரே இரவில் செம்மஞ்சள் படியும். கை படவே கூடாது. விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் பிறகு விரல் தடம் போலவே துருவாக எழுந்து வரும்.

வெறும் பிளாஸ்டிங்கோடு நிறுத்தினாலும் பிடிப்பு கிடைக்கும், ஆனால் துரு பரவுவதைத் தடுப்பது பாஸ்பேட் பூச்சுதான். இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் முதல் தரம், அயர்ன் பாஸ்பேட் அதற்கு அடுத்தது. அலுமினியத்துக்கு குரோமேட் அல்லது ஜிர்கோனியம் சார்ந்த பூச்சு. நன்றாகச் செய்தால், படலம் ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் துரு அந்த ஒரு இடத்தோடு நிற்கும். இது இல்லாவிட்டால் பெயர்ந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் படலத்தின் அடியில் ஊர்ந்து போகும்.

சுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. கழுவி முடித்த உலோகத்தின் மேல் நல்ல தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய் மிச்சம் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும்.

கிரேங்க்கேஸ், கிளட்ச் கவர் போன்ற வார்ப்புகளுக்கு இன்னொரு வேலை உண்டு. வார்ப்பின் நுண்துளைகளில் பல வருஷ ஆயில் ஊறியிருக்கும். அப்படியே பவுடர் அடித்து ஓவனில் வைத்தால் வாயு வெளியேறி ஊசிமுனை ஓட்டைகள் விழும். அவை ஒவ்வொன்றும் தண்ணீருக்குத் திறந்த கதவு. பவுடர் அடிப்பதற்கு முன் வெறும் பாகத்தை, பவுடரை வேகவைக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகத்தில் ஒரு முறை சுட்டு, வெளியே வந்த ஆயிலைத் துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

படி 5: மாஸ்கிங்

பைக்கைப் பொறுத்தவரை பவுடர் கோட்டிங்கின் ஆயுளும் உங்கள் பாதுகாப்பும் சந்திக்கும் இடம் இதுதான். பொதுவான வேலைகள் செய்யும் பட்டறைக்கு எந்தப் பரப்பு எதற்கு என்று தெரியாது. தாளில் எழுதியோ, பாகத்தின் மேலேயே மார்க்கரில் வட்டம் போட்டுக் காட்டியோ கொடுங்கள்.

பேரிங் உட்காரும் இடங்கள், எல்லா மரைகள், ஆக்ஸில் உட்காரும் முகங்கள், வீலில் டிஸ்க்கும் ஸ்ப்ராக்கெட்டும் உட்காரும் முகங்கள், என்ஜின் மவுண்ட் முகங்கள், பிரேக் காலிப்பர் மவுண்ட், கேஸ்கெட் பரப்புகள், எர்த் புள்ளிகள், டியூப்லெஸ் டயரின் பீடு உட்காரும் விளிம்பு ஆகிய எல்லாவற்றிலும் பவுடர் படாமல் மறைக்க வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் தடிமனாக ஏறி எழுத்து மறைந்தால் சட்டச் சிக்கல் வரும். அங்கே மெல்லியதாக அடிக்கச் சொல்லுங்கள்.

இறுக்கும் முகங்களில் பவுடர் ஏன் கூடாது? ஒரு எம்8 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். 8.8 தரம், பிடிமான நீளம் 30 மில்லிமீட்டர். சரியான டார்க்கில் இறுக்கும்போது அது ஸ்பிரிங் போல இழுபடுவது சுமார் 0.065 மில்லிமீட்டர்தான். அந்த இழுவைதான் பாகங்களைப் பிடித்துவைக்கிறது. இப்போது பிராக்கெட்டின் இரு முகங்கள், ஃப்ரேமின் ஒரு முகம் என்று மூன்று படலங்கள் நடுவே இருந்தால் அவற்றின் மொத்தத் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் மேல். சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பிளாஸ்டிக் படலம் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போல்ட்டின் இழுவை முழுக்கப் போய்விடும். நட் திரும்பவே இல்லை, ஆனாலும் போல்ட் தளர்ந்துவிட்டது. டிஸ்க் போல்ட்டிலும் காலிப்பர் போல்ட்டிலும் இப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள். அதே முகத்தில் நசுங்கிய படலம் விளிம்பில் விரிசல் விட்டு, நாம் முதலில் பார்த்த ஸ்விங்ஆர்மில் நடந்ததைப் போலத் தண்ணீருக்கும் வழி விடுகிறது.

மரைகளுக்கும் துளைகளுக்கும் சிலிக்கோன் பிளக், தட்டையான முகங்களுக்குச் சூடு தாங்கும் பச்சை பாலியெஸ்டர் டேப். சாதாரண மாஸ்கிங் டேப் ஓவனில் கருகிப் பசையை விட்டுச் செல்லும்.

படி 6: அடிப்பதும் சுடுவதும்

இந்தக் கட்டத்தில் உங்கள் கை எட்டாது, ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது உள்மூலைகள். ஸ்டீயரிங் ஹெட்டும் டவுன் டியூபும் சேரும் குடைவு, பாக்ஸ் ஸ்விங்ஆர்மின் உட்புற மூலை போன்ற இடங்களுக்குள் மின்புலம் நுழையாமல் வெளி ஓரங்களிலேயே நின்றுவிடும், பவுடரும் அங்கேயே நின்றுவிடும். அனுபவமுள்ளவர் மூலைகளை முதலில் குறைந்த வோல்டேஜில் அடித்து, பிறகுதான் வெளிப்பரப்புக்கு வருவார். மாட்டும் கொக்கியில் பழைய பவுடர் ஏறியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது, எங்குமே படலம் ஒழுங்காக ஏறாது.

இரண்டாவது சூடு. 200 டிகிரியில் 10 நிமிஷம் என்று பவுடர் தயாரிப்பாளர் சொல்வது உலோகத்தின் சூட்டை, ஓவன் காற்றின் சூட்டை அல்ல. ஒரே ஃப்ரேமில் மெல்லிய பிராக்கெட் ஐந்தாறு நிமிஷத்தில் சூடேறிவிடும். தடித்த ஸ்டீயரிங் ஹெட் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். காற்றின் மீட்டரைப் பார்த்து நேரத்தை எண்ணினால் அந்தத் தடித்த இடம் வேகாமல் நிற்கும். வேகாத படலம் பார்ப்பதற்கு வெந்தது போலவே பளபளக்கும். ஆனால் கல் பட்டதும் சில்லாகத் தெறிக்கும், பிரேக் ஃப்ளூயிட் பட்டதும் மெத்தென்றாகும். லேசர் தெர்மாமீட்டரையோ தெர்மோகப்பிளையோ பாகத்தின் தடித்த இடத்தில் வைத்துப் பார்க்கும் பட்டறையைத் தேடுங்கள். அதிகம் வெந்தால் வெளிர்நிறம் மஞ்சளாகும், பளபளப்பு குறையும். இரண்டில் குறைவாக வேகுவதுதான் பெரிய கேடு.

படி 7: வாங்கும்போது சோதனை

பாகங்களோடு சேர்த்து உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றையும் கொடுத்து, அதே தயாரிப்பு, அதே கோட், அதே ஓவனில் போடச் சொல்லுங்கள். பாகத்தைக் கெடுக்காமல் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தகட்டின் மேல் கூர்மையான பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு என உலோகம் வரை கீறுங்கள். பலமான டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற இந்தச் சோதனையில் 0 என்றால் ஒரு கட்டமும் பெயரவில்லை, 5 என்றால் மிக மோசம். நல்ல முன்தயாரிப்பு இருந்தால் 0 வர வேண்டும். 1 வரை ஏற்கலாம். அடுத்து பஞ்சை எம்இகே என்ற கரைப்பானிலோ அசிட்டோனிலோ நனைத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஐம்பது முறை தேயுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கினால் கவலையில்லை. நகம் பதியும் அளவுக்கு மென்மையானாலோ நிறம் தாராளமாகப் பஞ்சில் வந்தாலோ வேகவில்லை என்று பொருள். தகட்டை மடக்கியும் பாருங்கள். மடிப்பில் நுண்விரிசல் விழலாம், ஆனால் ஓடு ஓடாகப் பெயரக் கூடாது. தகடு மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும் என்பதால், அசிட்டோன் சோதனையை மட்டும் ஸ்டீயரிங் ஹெட்டின் அடியில் கண்ணில் படாத இடத்திலும் ஒரு முறை செய்துவிடுங்கள்.

தடிமன் அளக்கும் மீட்டர் பட்டறையில் இருந்தால் ஓரங்களிலும் மூலைகளிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்குக் காந்த வகை, அலுமினியத்துக்கு எடி கரண்ட் வகை. ஒற்றைக் கோட்டில் 60-க்குக் கீழே பல இடங்கள் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

படி 8: மாட்டுவது

பெயிண்டைப் போல வாரக்கணக்கில் காயவிடத் தேவையில்லை. ஆறியதும் மாட்டலாம்.

பவுடர் குழாய்களின் உள்ளே போவதில்லை. ஃப்ரேம் உள்ளிருந்து துருப்பிடிப்பதைத் தடுக்க, மாட்டுவதற்கு முன் கேவிட்டி வேக்ஸை (குழாயின் உட்சுவரில் படியும் மெழுகு ஸ்ப்ரே) ஒவ்வொரு துவாரத்தின் வழியாகவும் அடியுங்கள். வடிகால் துளைகள் பவுடரால் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஃப்ரேமின் ஆயுளுக்கு இதன் பங்கு வெளிப்பூச்சுக்குச் சமம்.

மாஸ்க் செய்த வெற்று முகங்களில் மெல்லிய கிரீஸ் அல்லது வேக்ஸ் தடவி மாட்டுங்கள். எர்த் புள்ளியில் வெற்று உலோகம் தெரிய இறுக்கிவிட்டு, மேலே வாசலின் பூசுங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் ஸ்டார்ட்டிங்கும் சார்ஜிங்கும் புரியாத தொல்லைகள் கொடுக்கும். போல்ட் தலைக்குக் கீழே படலம் இருக்கும் இடங்களில் அகலமான, ஓரம் வழவழப்பான வாஷர் போடுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போகும் இடத்தில், மரை கவ்விக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். கேபிளும் ஒயரிங்கும் உரசும் ஸ்டீயரிங் ஹெட் பகுதியில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். மணல் படிந்த ஒரு கிளட்ச் கேபிள் அந்த இடத்தை ஒரே வருஷத்தில் உலோகம் வரை அறுத்துவிடும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா முக்கிய போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 9: பராமரிப்பு

சாதாரண வண்டி ஷாம்பு, மென்மையான துணி, எப்போதாவது வேக்ஸ். அவ்வளவு போதும். பிரேக் ஃப்ளூயிட் சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆசிட் கலந்த வீல் கிளீனரும் காரமான டிகிரீசரும் அலாய் வீலின் பளபளப்பைத் தின்னும். பெயிண்ட் ரிமூவர் பவுடரையும் உரித்தெடுக்கும்; பக்கத்தில் வேறு பாகத்துக்குப் பயன்படுத்தும்போது ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது. பிரஷர் வாஷரின் முனையைப் பெயர்ந்த இடத்துக்கு நேராகக் காட்டாதீர்கள். ஒரு சிறு சில்லை அது உள்ளங்கை அளவுக்குப் பிளந்துவிடும்.

அலாய் வீலுக்கு மிகப் பெரிய எதிரி சாலை அல்ல, பஞ்சர் கடையில் உள்ள டயர் லிவர். டயர் மாற்றும்போது ரிம் புரொடெக்டர் போடச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். விளிம்பில் விழும் ஒரு கீறலிலிருந்து அலுமினியத்தில் புழு ஊர்ந்தது போல மெல்லிய கோடுகள் படலத்தின் அடியில் கிளம்பும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும்.

சில மாதங்களுக்கு ஒரு முறை, வண்டியைக் கழுவியதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: சைடு ஸ்டாண்டின் பாதம், சென்டர் ஸ்டாண்டு ஃப்ரேமில் மோதும் இடம், முன்சக்கரம் கல்லை வாரி இறைக்கும் டவுன் டியூப், ஸ்விங்ஆர்மின் முன்பக்க அடிப்பகுதி, செயின் அட்ஜஸ்டர், வீல் விளிம்பு.

படி 10: பெயர்ந்த இடத்தை உடனே அடைப்பது

சில் விழுந்ததைப் பார்த்த அன்றே வேலை செய்தால் அரை மணி நேரம்தான். முதலில் பிளேடு நுனியால் சுற்றிலும் நெம்பிப் பாருங்கள். பிடிப்பு விட்ட படலத்தை, எவ்வளவு தூரம் போனாலும், உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். அழகுக்காக அதை விட்டுவைத்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். துருவை முழுக்கச் சுரண்டி, 320 சாண்ட்பேப்பரால் படலத்தின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். டூ-கே எபாக்ஸி பிரைமரைச் சிறு பிரஷால் விளிம்பின் மேலும் கொஞ்சம் ஏறும்படி வையுங்கள். காய்ந்ததும் நிறம் சேரும் டச்-அப் பெயிண்ட் இரண்டு கோட். நிறம் நூறு சதவீதம் சேராது. சேர வேண்டிய அவசியமும் இல்லை, தண்ணீர் நுழையாமல் இருந்தால் போதும்.

கொப்புளங்கள் ஒன்றிரண்டு இடங்களைத் தாண்டி, தொடர்பில்லாத பல இடங்களில் வரத் தொடங்கினால் டச்-அப் உதவாது. முன்தயாரிப்பே சரியில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது முழுக்க உரித்து, உலோகம் வரை போய், மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். "பழைய கோட்டைத் தேய்த்துவிட்டு மேலேயே இன்னொரு கோட் அடித்துத் தருகிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே எத்தனை மைக்ரான் ஏறினாலும் அடியில் இருக்கும் துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருக்கும்.